ஒரு மாநிலத்து இஎம்டி லைசென்ஸ் இன்னொரு மாநிலத்தில் செல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் ஏறி வேலை பார்க்க முதல் படி இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். அதற்கு மேலே ஏஇஎம்டி, அதற்கும் மேலே பாராமெடிக். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இஎம்டி படிக்கிறார்கள். அப்புறம் கல்லூரிக்காகவோ, அப்பா அம்மாவின் வேலை மாற்றத்தாலோ வேறு மாநிலத்துக்குப் போகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாலண்டியர் ஆம்புலன்ஸில் ஓடுகிறவன் என்பதால் தமிழ்ச் சங்க விழாக்களில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட இதே சந்தேகங்கள் என்னிடம் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் போகும் மாநிலத்தின் இஎம்எஸ் (அவசர மருத்துவ சேவை) அலுவலகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெக்சாஸ்ல இஎம்டி லைசென்ஸ் வாங்கியாச்சு. கலிஃபோர்னியால அது அப்படியே செல்லாதா? டிரைவிங் லைசென்ஸ் செல்லுதே?

செல்லாது. வேறு மாநிலத்து டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாம், ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்குக்கூட வேலை நிமித்தமாகச் சிகிச்சை தர முடியாது. அமெரிக்காவில் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கு உரிமம் தருவது மாநில அரசுகளின் அதிகாரம். டாக்டர், நர்ஸ், இஎம்டி எல்லோருக்கும் இதே கதைதான்.

எல்லோரும் 'டிரான்ஸ்ஃபர்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எதுவும் இடம் மாறுவதில்லை. பழைய லைசென்ஸ் பழைய மாநிலத்திலேயே இருக்கும், புது மாநிலத்தில் புதிதாக ஒன்று வாங்குகிறீர்கள். படிப்பையும் பரீட்சையையும் மறுபடி செய்யவேண்டாம் என்பதுதான் கிடைக்கும் சலுகை. விண்ணப்பப் பக்கத்தில் இதற்கு 'ரெசிப்ராசிட்டி' என்று தலைப்பு போட்டிருப்பார்கள்.

அப்போ நேஷனல் ரெஜிஸ்ட்ரி கார்டு எதுக்கு? பேர்லயே 'நேஷனல்'னு இருக்கே?

நேஷனல் ரெஜிஸ்ட்ரி அரசு அலுவலகம் இல்லை. 1970-ல் தொடங்கிய, ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில் இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அது பரீட்சை வைக்கிறது, தேறியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. 'இவருக்கு இந்த வேலை தெரியும்' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. 'என் எல்லைக்குள் இவர் வேலை பார்க்கலாம்' என்று சொல்லவேண்டியது மாநிலம்.

ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் முதல் லைசென்ஸுக்கு இந்தப் பரீட்சையைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் செல்லுபடியாகும் ரெஜிஸ்ட்ரி கையில் இருந்தால் புது மாநிலத்தில் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் என்ன பாடு என்று கீழே சொல்கிறேன்.

என்னென்ன பேப்பர் கேப்பாங்க?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். நேஷனல் ரெஜிஸ்ட்ரி எண், இதுவரை லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சரிபார்ப்புக் கடிதம், சிபிஆர் (நின்றுபோன இதயத்துக்கான உயிர்காப்பு முதலுதவி) பயிற்சி அட்டை, கைரேகை, அடையாள அட்டை, கட்டணம். சரிபார்ப்புக் கடிதத்தைப் பழைய மாநில அலுவலகம் நேரடியாகப் புது மாநிலத்துக்கு அனுப்பவேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு. நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

சிபிஆர் அட்டையில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அலுவலகத்திலோ நீச்சல் குளத்திலோ எடுத்த 'ஹார்ட்சேவர்' வகை பொதுமக்களுக்கானது, அது போதாது. மருத்துவப் பணியாளர்களுக்கான 'பிஎல்எஸ் ப்ரொவைடர்' அட்டை வேண்டும். அதன் ஆயுள் 2 வருடம்.

கைரேகையை முன்பே ஓரிடத்தில் கொடுத்துவிட்டேன், அதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். கலிஃபோர்னியாவின் 'லைவ் ஸ்கேன்' படிவத்தில் எந்த அலுவலகத்துக்காக எடுக்கிறோம் என்பதற்கு ஒரு குறியீடு இருக்கும், முடிவு அந்த அலுவலகத்துக்கு மட்டுமே போகும். ஆஸ்பத்திரியில் வாலண்டியராகச் சேர எடுத்த கைரேகை இஎம்டி சான்றிதழுக்கு உதவாது. மறுபடி வரிசை, மறுபடி காசு.

எவ்வளவு நாள் ஆகும்? வீடு மாறின பிறகு அப்ளை பண்ணா போதுமா?

எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில வாரம். கைரேகை முடிவும் பழைய மாநிலத்தின் கடிதமும் இழுத்தால் சில மாதம்கூட ஆகலாம். பல மாநிலங்கள் வெளிமாநில முகவரியோடு விண்ணப்பிக்க அனுமதிக்கின்றன. அதனால் போவது உறுதியானதுமே ஆரம்பித்துவிடுங்கள். 'ஆகஸ்டில் கல்லூரி திறக்கிறது, ஜூலையில் பார்த்துக்கலாம்' என்ற கணக்கு ரொம்ப நெருக்கம்.

பாஸ்போர்ட்ல சர்நேமே இல்ல. டிரைவிங் லைசென்ஸ்ல எஃப்என்யூன்னு போட்டுட்டாங்க. இதுல சிக்கல் வருமா?

வரும். நம் ஆட்களுக்கென்றே வரும் சிக்கல் இது. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துப் பழகியவர்கள் பாஸ்போர்ட்டில் ஒரே பெயரை எழுதிவிடுகிறார்கள். விசாவில் அது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக எஃப்என்யூ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இஎம்டி வகுப்பில் சேரும்போது 'கார்த்திக் எஸ்' என்று எழுதுகிறார்கள். ரெஜிஸ்ட்ரி கணக்கில் 'கார்த்திக் சுப்பிரமணியன்'. தேர்வு மையத்தில் காட்டும் அட்டையில் 'எஃப்என்யூ கார்த்திக்'. பியர்சன் வ்யூ தேர்வு மையத்தில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் அட்டையோடு அப்படியே பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

மாநிலம் மாறும்போது இதே தலைவலி திரும்ப வரும். பழைய மாநில லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரி, சிபிஆர் அட்டை, புது மாநில விண்ணப்பம் நான்கிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே நிற்கும். அரசு அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பெயரைச் சட்டப்படி மாற்றப்போகிறீர்கள் என்றால் இந்த விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், நடுவில் வேண்டாம்.

ஸ்டேட் லைசென்ஸ்தான் கையில இருக்கே. ரெஜிஸ்ட்ரியை வேற தனியா ரின்யூ பண்ணணுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பண்ணுங்கள்.

ரெஜிஸ்ட்ரியின் ஆயுள் 2 வருடம், இஎம்டிக்கு மார்ச் 31-ல் முடியும். புதுப்பிக்க 40 மணி நேரத் தொடர்கல்வி: 20 மணி தேசிய அளவில் வரையறுத்த பாடங்கள், 10 மணி உள்ளூர் அல்லது மாநிலத் தேவை, மீதி 10 நம் விருப்பம். வகுப்பு வேண்டாம் என்றால் பரீட்சையை மறுபடி எழுதியும் புதுப்பிக்கலாம். பாராமெடிக்குக்கு 60 மணி.

லூசியானா மாதிரிச் சில இடங்களில் மாநில லைசென்ஸைப் புதுப்பிக்கவே ரெஜிஸ்ட்ரி வேண்டும், அங்கே யாரும் மறப்பதில்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில்தான் ஆபத்து. அங்கே முதல்முறை மட்டும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்பார்கள். அடுத்தடுத்த முறை மாநிலத்துக்குரிய வகுப்புகளை முடித்தாலே புதுப்பித்துவிடலாம். 'அப்புறம் எதுக்கு இதுக்கு ஒரு செலவு' என்று விட்டுவிடுகிறார்கள். நாலு வருடம் கழித்து வேறு மாநிலத்தில் வேலை கிடைக்கும்போது அந்த மாநிலம் முதலில் கேட்பது ரெஜிஸ்ட்ரி எண்ணைத்தான். புதுப்பிக்கும் செலவு சின்னது. விட்டதைத் திரும்பப் பிடிக்கும் செலவு அப்படியில்லை.

விட்டுட்டேன். போன வருஷமே காலாவதி ஆயிடுச்சு. இப்போ என்ன பண்றது?

மார்ச் 31-க்குள் வகுப்பெல்லாம் முடித்து, விண்ணப்பிக்க மட்டும் மறந்திருந்தால் ஏப்ரல் 30 வரை தாமதக் கட்டணத்தோடு ஒரு வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அது தாண்டிவிட்டது.

மாநில லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்தால் நிலைமை மோசமில்லை. தொடர்கல்வி மணிகளைக் காட்டி, கம்ப்யூட்டர் பரீட்சையை மறுபடி எழுதித் தேறினால் ரெஜிஸ்ட்ரிக்குத் திரும்பலாம். வேலையில் இருப்பவர்களுக்கும் இந்தப் பரீட்சை லேசில்லை. தினமும் செய்யும் வேலை ஒன்று, பாடப்புத்தகம் எதிர்பார்க்கும் விடை வேறொன்று. நாலு வாரமாவது உட்கார்ந்து படியுங்கள். மாநில லைசென்ஸும் போய், ரெஜிஸ்ட்ரி போய் 2 வருடமும் தாண்டிவிட்டால் முழு வகுப்பையும் மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டியதுதான். அதனால் பழைய மாநில லைசென்ஸின் தேதியை முதலில் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பரீட்சைக்குப் பதிவு செய்யுங்கள்.

நான் ஆம்புலன்ஸ்லயே வேலை பாக்கல, காலேஜ்லதான் இருக்கேன். அப்பவும் ரெஜிஸ்ட்ரியை வெச்சிருக்க முடியுமா?

முடியும். ரெஜிஸ்ட்ரியில் 'இன்ஆக்டிவ்' என்று ஒரு நிலை இருக்கிறது. எந்த ஆம்புலன்ஸ் சேவையிலும் சேராதவர்கள் அதில் இருக்கலாம். சான்றிதழ் போய்விடாது. ஆனால் தொடர்கல்வி மணிகள் அவர்களுக்கும் உண்டு, அதில் தள்ளுபடி கிடையாது.

பரீட்சை பாஸ் பண்ணிட்டேன், ஆனா படிச்ச மாநிலத்துல லைசென்ஸே எடுக்கல. நேரா புது மாநிலத்துல எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். கோடை விடுமுறையில் ஓரிடத்தில் படித்துவிட்டு வேறிடத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதுதான் சுருக்கமான வழி. இரண்டு லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டியதில்லை. படித்த வகுப்பு, படித்த மாநிலத்தின் அங்கீகாரம் பெற்றதா, முடித்த சான்று கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சையை வகுப்பு முடிந்த 2 வருடத்துக்குள் தேறியாகவேண்டும்.

காம்பாக்ட்னு ஒண்ணு இருக்காமே. அதுல சேர்ந்த மாநிலம்னா எதுவுமே வாங்கவேண்டாம்னு ஃப்ரெண்ட் சொல்றான்?

நண்பர் சொல்வதில் பாதி சரி. இஎம்எஸ் காம்பாக்ட் என்பது மாநிலங்கள் தங்களுக்குள் சட்டமாக இயற்றிக்கொண்ட ஒப்பந்தம். 2015-ல் கொலராடோ முதலில் சேர்ந்தது. 2017-ல் ஜார்ஜியா பத்தாவது மாநிலமாகச் சேர்ந்ததும் ஒப்பந்தம் உயிர் பெற்றது. கோவிட் வந்த 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் உள்ளே இருக்கின்றன. டெக்சாஸ், ஜார்ஜியா, வர்ஜீனியா, டென்னசி எல்லாம் உண்டு. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை.

ஒரு காம்பாக்ட் மாநிலத்தில் கட்டுப்பாடு எதுவும் இல்லாத லைசென்ஸ் இருந்து, 18 வயது நிரம்பி, ஒரு மெடிக்கல் டைரக்டரின் (சேவைக்குப் பொறுப்பான டாக்டர்) கீழ் வேலை செய்பவராக இருந்தால், மற்ற காம்பாக்ட் மாநிலங்களில் வேலை செய்யும் உரிமை தானாகவே கிடைக்கும். தனி விண்ணப்பம் கிடையாது. இஎம்டி, ஏஇஎம்டி, பாராமெடிக் மூன்றுக்கும் பொருந்தும். அதற்குக் கீழே, முதலுதவி அளவில் உள்ள இஎம்ஆர் நிலைக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட 12 இலக்க தேசிய இஎம்எஸ் எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் உங்கள் நிலையைக் காம்பாக்ட்டின் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த உரிமை, உங்கள் நிறுவனம் உங்களை அனுப்பும் வேலைக்கு. எல்லையோர ஊரில் நோயாளியை ஏற்றிப் பக்கத்து மாநில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, அங்கிருந்து ஒருவரைக் கூட்டிவருவது, காட்டுத்தீக்கோ பெரிய விளையாட்டு விழாவுக்கோ சில வாரம் போவது, இந்த மாதிரி. சொந்த வேலையாகப் போன ஊரில் கார்டைக் காட்டி ஆம்புலன்ஸில் ஏற அது உதவாது.

நான் டெக்சாஸ்லேருந்து ஜார்ஜியாவுக்குக் குடியே போறேன். ரெண்டும் காம்பாக்ட்தான். அப்போ?

ஜார்ஜியா லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிப் போய்வருபவர்களுக்காக வந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நிரந்தர வேலைக்குப் போனால், வேலைக்கு எடுக்கும் நிறுவனமே 'எங்கள் மாநில லைசென்ஸ் எங்கே?' என்று கேட்கும்.

என் மனைவி நர்ஸ். அவங்க காம்பாக்ட் மாதிரிதானே இதுவும்?

பெயர்தான் ஒன்று. நர்ஸ்களின் காம்பாக்ட்டில் எந்த மாநிலம் நிரந்தர வசிப்பிடமோ அங்கேதான் பல மாநில லைசென்ஸ் கிடைக்கும். வீடு மாறினால் அதையும் மாற்றவேண்டும். இஎம்எஸ் காம்பாக்ட் வசிப்பிடத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் காம்பாக்ட் மாநிலம் லைசென்ஸ் தந்திருக்கிறதோ அதுதான் 'தாய் மாநிலம்'. ஒன்றுக்கு மேல் இருந்தாலும் தப்பில்லை. மனைவிக்குப் பொருந்தும் விதியை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

ராணுவத்தில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்களின் துணைவர்கள் விண்ணப்பங்களைக் காம்பாக்ட் மாநிலங்கள் முன்னுரிமை கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமானால் விண்ணப்பத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பையனுக்கு 16 வயசு. வர்ஜீனியால இஎம்டி முடிச்சுட்டான். அடுத்த வருஷம் கலிஃபோர்னியா போறோம்...

வர்ஜீனியா 16 வயதிலேயே இஎம்டி ஆகவிடுகிறது. நியூயார்க்கில் 17. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 18. பையன் 18 ஆகும்வரை கலிஃபோர்னியாவில் காத்திருக்கவேண்டும். காம்பாக்ட் உரிமைக்கும் 18 என்பதால் அதுவும் கைகொடுக்காது, கலிஃபோர்னியா அதில் இல்லவும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் ரெஜிஸ்ட்ரி செத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவன் படித்தது வீணாகாது.

எந்த மாநிலத்துல வாங்கறது ரொம்பக் கஷ்டம்?

கஷ்டம் என்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குணம் இருக்கிறது என்று சொல்லலாம்.

கலிஃபோர்னியாவில் இஎம்டி சான்றிதழைப் பெரும்பாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அளவிலான உள்ளூர் இஎம்எஸ் ஏஜென்சி தருகிறது. ஒரு ஏஜென்சி தந்தால் மாநிலம் முழுக்கச் செல்லும். பாராமெடிக் என்றால் மாநில அலுவலகம் லைசென்ஸ் தரும், அதற்குமேல் வேலை பார்க்கும் இடத்து ஏஜென்சியிடம் அங்கீகாரமும் வாங்கவேண்டும். இதெல்லாம் முடித்து வேலைக்குப் போனால், ஆம்புலன்ஸ் ஓட்ட, டிரைவிங் லைசென்ஸ் தரும் அலுவலகமான டிஎம்வி தரும் தனிச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். அதற்கு உடல்தகுதிப் பரிசோதனை, இன்னொரு கைரேகை. ஓட்டாமல் பின்னால் மட்டும் உட்கார்ந்துகொள்கிறேன் என்றால் இரண்டு பேர் மட்டுமே இருக்கும் வண்டியில் வேலை கிடைப்பது சிரமம்.

வாஷிங்டன் மாநிலம் என்னைப் பொறுத்தவரை புதியவர்களுக்கு அதிகம் எரிச்சல் தரும் இடம். ரெஜிஸ்ட்ரி, கைரேகை எல்லாம் இருந்தாலும், அங்கே லைசென்ஸ் பெற்ற ஒரு இஎம்எஸ் நிறுவனத்தில் சம்பளத்துக்கோ வாலண்டியராகவோ சேர்ந்திருக்கவேண்டும், கவுண்டி மெடிக்கல் டைரக்டரின் பரிந்துரையும் வேண்டும். சேர இடம் கிடைத்த பிறகுதான் சான்றிதழ். சியாட்டில் பக்கம் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, வார இறுதியில் ஆம்புலன்ஸில் ஓடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு வாலண்டியர் தீயணைப்பு நிலையத்தைத் தேடுங்கள். விண்ணப்பம் அப்புறம்.

ஆரிகனில் பாராமெடிக் ஆக அசோசியேட் பட்டமாவது வேண்டும். சான்றிதழ் படிப்பு மட்டும் முடித்த வெளிமாநில பாராமெடிக்குகள் பட்டத்துக்குப் பதில் பணி அனுபவத்தைக் காட்டவேண்டும். இலினாய்ஸில் மாநில லைசென்ஸ் போதாது, ஒரு ஆஸ்பத்திரியை மையமாகக் கொண்ட 'இஎம்எஸ் சிஸ்டம்' ஒன்றில் சேர்ந்தால்தான் வேலை. நியூஜெர்சியில் பாராமெடிக் சேவையை ஆஸ்பத்திரிகள்தான் நடத்துகின்றன, எனவே பாராமெடிக்குகள் வேலை தேடவேண்டியது அங்கே. நியூயார்க் நகரத்தில் பாராமெடிக்குகளுக்கு மாநிலச் சான்றுக்கு மேல் நகரத்தின் மருத்துவ ஆலோசனைக் குழுவான 'ரீமேக்' (REMAC) வைக்கும் தேர்வும் உண்டு. ஃபுளோரிடாவில் எப்போது வாங்கினாலும் இரட்டைப்படை வருடத்தின் டிசம்பர் 1-ல் காலாவதி. அக்டோபரில் வாங்கிவிட்டு டிசம்பரில் புலம்புபவர்கள் இருக்கிறார்கள்.

டெக்சாஸ் ஒப்பீட்டில் சுலபம். மாநிலச் சான்றிதழின் ஆயுள் 4 வருடம்.

கொலராடோல நான் ஐவி (நரம்புல ட்ரிப்ஸ் ஏத்தறது) போடுவேன். டெக்சாஸ் போனா அங்கயும் போடலாமா?

லைசென்ஸ் கிடைப்பதும், என்னென்ன செய்யலாம் என்பதும் வேறு வேறு விஷயம். இரண்டாவதை 'ஸ்கோப்' என்பார்கள். தேசிய அளவில் ஒரு மாதிரி ஸ்கோப் இருக்கிறது, கடைசியாகப் பெரிதாகத் திருத்தியது 2019-ல். அது அடித்தளம்தான், மாநிலங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. கொலராடோவில் தனி வகுப்பு முடித்த இஎம்டிக்கு ஐவி போட அனுமதி உண்டு. அந்த அனுமதி கொலராடோவோடு நின்றுவிடும்.

டெக்சாஸில் யார் என்ன செய்யலாம் என்பதை உங்கள் நிறுவனத்தின் மெடிக்கல் டைரக்டர் முடிவு செய்கிறார். அவர் பயிற்சி கொடுத்து அனுமதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு விதமாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் சாதாரண இஎம்டி ஐவி போட முடியாது.

காம்பாக்ட் வழியாகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. தாய் மாநிலத்து ஸ்கோப்தான் உங்களோடு வரும், ஆனால் போன இடத்து அதிகாரிகள் அதை மாற்றலாம். கைப்பழக்கத்தில் ஊசியை எடுக்கும் முன் அங்கத்திய ப்ரோட்டோகாலைப் படித்திருக்கவேண்டும். நோயாளிக்குக் கெடுதல் வராவிட்டாலும் ஸ்கோப்பைத் தாண்டினால் லைசென்ஸுக்கு ஆபத்து.

சென்னையில 108-ல இஎம்டியா மூணு வருஷம் வேலை பாத்திருக்கேன். அது இங்க செல்லுமா?

108-ல் பார்த்த வேலை இங்கே பார்ப்பதைவிடக் கடினம் என்றே சொல்வேன். சாலை நெரிசலில் பிரசவம் பார்த்தவர்களிடம் போய் அனுபவம் போதாது என்று யார் சொல்லமுடியும்? ஆனால் காகிதத்தில் அது செல்லாது. ரெஜிஸ்ட்ரி எதிர்பார்ப்பது அமெரிக்க மாநிலம் ஒன்று அங்கீகரித்த வகுப்பை. இந்தியப் பயிற்சியை ஈடாக எடுத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யவேண்டியது மாநில அலுவலகம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இஎம்டி அளவில் நான் சொல்வது, வகுப்பிலேயே சேர்ந்துவிடுங்கள். 150 முதல் 190 மணி நேரம். மாலை வகுப்பாக ஒரு செமஸ்டரில் முடியும். சமானம் கேட்டுக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம். இங்கத்திய ரேடியோ நடைமுறை, நோயாளி சம்மதம், ஆவணம் எழுதும் முறை எல்லாம் பழகவும் அது உதவும். எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கும் நான் சொல்லும் பதில் இதுதான்.

எஃப்-1 மாணவர் விசால இருக்கேன். லைசென்ஸ் வாங்கினா ஆம்புலன்ஸ்ல வேலைக்குப் போலாமா? வாலண்டியர்தானே, சம்பளம் இல்லையே?

லைசென்ஸ் வேலை அனுமதி ஆகாது. இஎம்டி படிக்கவும் பரீட்சை எழுதவும் குடியுரிமை தேவையில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் குடிவரவுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சம்பளம் இல்லை என்பதாலேயே ஒரு வேலை வாலண்டியர் வேலை ஆகிவிடாது, மற்றவர்களுக்குச் சம்பளம் தரும் இடத்தில் நீங்கள் இலவசமாகச் செய்வதும் கேள்விக்குள்ளாகும். உங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பல மாநில விண்ணப்பங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். அது இல்லாத எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தார்), எஃப்-1 ஆட்கள் கட்டணம் கட்டும் முன் மாற்று வழி உண்டா என்று அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

காலேஜ் முதல் வருஷத்துல குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டினேன். கேஸ் முடிஞ்சுபோச்சு. புது மாநிலத்துல சொல்லணுமா?

விண்ணப்பத்தில் உள்ள கேள்வியின் வார்த்தைகளை அப்படியே படியுங்கள். 'குற்றம் நிரூபிக்கப்பட்டதா' என்று கேட்பதும் 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா' என்று கேட்பதும் ஒன்றில்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் மாறும். குடித்துவிட்டு ஓட்டுவது நியூஜெர்சியில் போக்குவரத்து விதிமீறல், மற்ற பெரும்பாலான மாநிலங்களில் அது குற்றம்.

கேள்வி உங்களுக்குப் பொருந்தினால் மறைக்காதீர்கள். கைரேகை எதற்கு எடுக்கிறார்கள்? எப்படியும் வெளியே வரும். ஒரு பழைய தவறுக்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளுவது அரிது, பொய் சொன்னதற்காகத் தள்ளுவது சகஜம். நீதிமன்ற ஆவணங்களின் நகலோடு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். வேறு மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். தாய் மாநிலத்தில் லைசென்ஸுக்குக் கட்டுப்பாடு வந்தால் மேலே சொன்ன காம்பாக்ட் உரிமையும் கூடவே போய்விடும்.

ஃபுளோரிடால பெரிய புயல். நான் டெக்சாஸ் இஎம்டி. லீவு போட்டுட்டுப் போய் உதவலாமா?

மனசு பெரிசு, ஆனால் கிளம்பாதீர்கள். பேரிடர் உதவிக்கென்றே மாநிலங்களுக்கிடையே இமேக் என்ற வேறொரு ஒப்பந்தம் இருக்கிறது. 1996-ல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. கவர்னர் அவசரநிலை அறிவித்து, ஒரு மாநிலம் கேட்டு, இன்னொரு மாநிலம் முறைப்படி அனுப்பும் ஆட்களின் லைசென்ஸை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். நீங்களாகக் காரை எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. உங்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தேடுவது அவர்களுக்குக் கூடுதல் வேலை. போக ஆசை இருந்தால் உங்கள் மாநிலத்துப் பேரிடர்க் குழுவில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.

புது லைசென்ஸ் வந்தாச்சு. பழசை ரத்து பண்ணிடலாமா?

முதலில் புது மாநிலத்தின் இணையதளத்தில் உங்கள் பெயர் 'ஆக்டிவ்' என்று வருகிறதா பாருங்கள். மின்னஞ்சல் வந்தது மட்டும் போதாது, வேலை தரும் நிறுவனம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் பழையதை நீங்களாகத் 'திருப்பி ஒப்படைக்க' வேண்டியதில்லை. அப்படி ஒப்படைத்தால் ஏதோ விசாரணையில் மாட்டி விட்டுக்கொடுத்தாரோ என்று பின்னால் ஒருவர் சந்தேகப்பட இடமுண்டு, அடுத்த விண்ணப்பத்தில் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதவேண்டி வரும். தேதி முடியும்வரை விட்டுவிடுங்கள், தானாகக் காலாவதி ஆகட்டும். விடுமுறைக்குப் பழைய ஊருக்கு வந்து ஷிஃப்ட் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்றால் இரண்டையும் புதுப்பித்து வைத்துக்கொள்வது லாபம். தொடர்கல்வி வகுப்புகளை மட்டும் இரண்டு மாநிலமும் ரெஜிஸ்ட்ரியும் ஏற்கும்படி பார்த்து எடுங்கள். பெரும்பாலும் ஒரே வகுப்பை மூன்று இடத்திலும் கணக்கு காட்டலாம்.